ஃபில்டரில் மட்டும் மிஞ்சிய பெயர்

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில், லண்டன் வால்தம்ஸ்டோவில் நடந்தது இது. நான் திருச்சியிலிருந்து வந்து இங்கே மேல்படிப்பு முடித்து, ஓர் அலுவலகத்தில் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வாரத்தில் ஐந்து நாளும் எக்செல்தான். சனிக்கிழமையும் அதையேதான் செய்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கு அப்போது சும்மா இருக்கத் தெரியாது. மனோர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த மாடி அறையில் ஒரு முழு விடுமுறை நாளைத் தனியாகக் கழிப்பது பெரிய தண்டனையாக இருந்தது.

அதனால் சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து வால்தம்ஸ்டோவுக்குப் போய்விடுவேன். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிலர் ஒரு பழைய பட்டறைக் கட்டடத்தில் சின்னதாக ஒரு கோயில் நடத்தினார்கள். பூசை முடிந்ததும் பின்கட்டில் சமையல். சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, தேங்காய்ப்பாலில் ஒரு சொதி. எல்லாவற்றையும் டிபன் கேரியர்களில் அடைத்து, தனியாக வாழும் வயதானவர்களின் வீடுகளுக்கு வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நிறைந்த கேரியரைக் கொடுத்துவிட்டு, போன வாரத்துக் காலிக் கேரியரை வாங்கி வருவார்கள். கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குச் சாமியே வருகிறது என்று ஒரு பாட்டி சொன்னாராம்.

இதையெல்லாம் நடத்தியவர் ஓர் அக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கும். வார நாட்களில் கவுன்சிலில் வேலை, சனிக்கிழமையில் கையில் அகப்பை. வேன் ஓட்ட ஓர் அண்ணன் வருவார். அவரை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் ‘அண்ணை’ என்றே கூப்பிடப் பழகியிருந்தேன். நான் அந்தக் கூட்டத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம், சாப்பாட்டுப் பட்டியலைக் காகிதத்திலிருந்து லேப்டாப்புக்கு மாற்றியது.

பெயர், முகவரி, போன் நம்பர், உப்புக் குறைவா, சர்க்கரை வியாதியா, எந்த வேன் என்று எல்லாம் ஒரு ஷீட்டில் இருக்கும். அதன் மேல் ஒரு பிவட் டேபிள் போட்டுக் கொடுத்தேன். பிவட் டேபிள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான ஒரு பட்டியலை, நமக்கு வேண்டிய மாதிரி நொடியில் சுருக்கிக் காட்டும் அட்டவணை அது. பெயர் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதுதான் ஃபில்டர். அழுத்தினால் எல்லாப் பெயர்களும் வரிசையாக விழும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு டிக். இந்த வாரம் வேண்டாம் என்று சொன்னவர்களின் டிக்கை அக்கா எடுத்துவிடுவார். எத்தனை சாப்பாடு, எந்த வேனில் எத்தனை என்பது உடனே வந்துவிடும். முதல் வாரம் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு காலமும் நான் விரல் விட்டு எண்ணிக் கொண்டெல்லோ இருந்தனான்” என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. அக்கா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

“பிள்ளை, இதிலை செத்த ஆக்களின்ரை பேரும் கிடக்குது. ஒவ்வொரு கிழமையும் அம்புக்குறியை அமத்த முன்னுக்கு வந்து நிக்கினம். எனக்குப் பார்க்க ஏலாமல் கிடக்கு. எடுத்து விடுங்கோ.”

“ஷீட்ல இருந்து அவங்க வரியை எடுத்துட்டீங்களாக்கா?”

“எடுத்து எவ்வளவு காலம். நான் மாசா மாசம் பழசை அழிச்சுப் போட்டுப் புதுசா அடிக்கிறனான்.”

இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். ரிஃப்ரெஷ் கொடுத்தேன். பெயர்கள் அப்படியே இருந்தன. மறுபடி கொடுத்தேன், அசையவில்லை. ஃபைலை மூடித் திறந்தேன். ஷீட்டில் தேடினால் அந்தப் பெயர்கள் எங்குமே இல்லை. ஃபில்டரைத் திறந்தால் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. வேனில் கேரியர் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணை எட்டிப் பார்த்தார்.

“என்ன, கொம்பியூட்டருக்குள்ளை பேய் பூந்திட்டுதோ?”

“கொஞ்சம் சும்மா இருங்கண்ணை.”

“ஐயரைக் கூப்பிடட்டோ? விபூதி போடுவார்.”

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புத்தான். மதிய இடைவேளையில் சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினேன். விஷயம் கிடைத்தது. பிவட் டேபிள் தான் பார்த்த பெயர்களையெல்லாம் தனக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஷீட்டில் வரியை அழித்தாலும், பார்த்த பெயரை அது மறப்பதில்லை. மறக்கச் செய்ய ஒரு வழி இருந்தது. அட்டவணையின் மேல் வலது கிளிக், ஆப்ஷன்ஸ், அதில் டேட்டா என்ற பகுதி. பழைய பெயர்களில் எத்தனையை வைத்திருக்கட்டும் என்று ஒரு கேள்வி அங்கே இருக்கும். ‘ஒன்றும் வேண்டாம்’ என்று மாற்றி, ஓகே சொல்லி, ஒரு ரிஃப்ரெஷ். அவ்வளவுதான். அலுவலகத்தில் ஒரு போலிப் பட்டியலில் செய்து பார்த்தேன். பழைய பெயர்கள் சட்டென்று மறைந்தன. பக்கத்து இருக்கைக்காரர் என்னவென்று கேட்கும் அளவுக்கு நான் மேசையைத் தட்டியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிட முந்திய பஸ்ஸில் போனேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். வலது கிளிக், ஆப்ஷன்ஸ், டேட்டா, ஒன்றும் வேண்டாம்.

“இப்ப பாருங்க, ஒரே ரிஃப்ரெஷ்.”

“பொறுங்கோ பிள்ளை.”

மவுஸின் மேலிருந்த என் கையைப் பிடித்துவிட்டார். அவர் கையில் கத்தரிக்காய்க் கறை.

“கோயிலுக்குள்ளை இருந்து அழிக்கிறம். சும்மா தட்டிப் போட்டு எழும்பக் கூடாது. ஆர் ஆர் எண்டு ஒருக்கா வாசியுங்கோ. கேட்டுப் போட்டு விடுவம்.”

எனக்கு அது தேவையில்லாத வேலையாகத்தான் பட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. கேன்சல் கொடுத்து, ஃபில்டரைத் திறந்து, ஷீட்டோடு ஒப்பிட்டு, ஷீட்டில் இல்லாத பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அக்கா சொன்ன பதில்கள் பல இன்னும் காதில் இருக்கின்றன.

“அவ கனடாவுக்கு மகளிட்டைப் போயிட்டா. போன கிழமையும் ரெலிபோன் எடுத்து அங்கை ஒரே குளிராம் எண்டு சொன்னவ. இஞ்சை என்ன வெயிலே எறிக்குது?”

அடுத்தவர் இறந்துவிட்டார்; அதை அவர்கள் மோசம் போவது என்பார்கள். “மோசம் போயிட்டார். நல்ல மனுசன். ஒவ்வொரு கிழமையும் சொதிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லி விடுவார்.”

“அவருக்கு உப்புக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்” என்றார் வாசலில் நின்ற அண்ணை. “ஆனால் நான் ஒவ்வொரு கிழமையும் ஒரு ஊறுகாய்ப் பக்கெற் கொண்டு போய்க் குடுத்தனான்.”

“குடுத்தனீரோ?”

“மனுசன் கேட்டால் என்ன செய்யிறது.”

அக்கா அவரை முறைத்தார். பிறகு இருவரும் சிரித்தார்கள். அதற்குள் எனக்கும் அவசரம் போய்விட்டது. ஒரு பெயர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டது. ஒரு பெயர் சவுத்தாலில் மகன் வீட்டோடு. கணவன், மனைவி என்று இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அந்த இருவரும் ஒரே வருடத்தில் போனவர்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையை ஆட்டுவார், நான் அடுத்ததுக்குப் போவேன்.

ஏழாவதோ எட்டாவதோ ஒரு பெயர் வாசித்தேன். அக்கா தலையை ஆட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

“சேவையர் ஐயா” என்றார் அக்கா. ஊரில் நில அளவையாளராக இருந்தவராம். இங்கே வந்து பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

“இறந்துட்டாராக்கா?”

“இல்லை. அவரின்ரை தமையன் ஊரிலை மோசம் போனவர். துடக்கு எண்டு அவரே ரெலிபோன் எடுத்துச் சொன்னவர், சாப்பாடு அனுப்பாதேங்கோ எண்டு. நான்தான் வரியை எடுத்தனான்.”

எங்கள் ஊரில் தீட்டு என்போம், அவர்கள் துடக்கு என்கிறார்கள். எங்கள் பக்கம் பதினாறு நாள், அவர்களுக்கு முப்பத்தொன்று. அந்த நாட்களில் கோயில் பிரசாதம் எடுக்க மாட்டார்கள். துடக்கு வீட்டுப் பாத்திரமும் கோயில் அடுக்களைக்குள் வரக் கூடாது. அதனால் கேரியர் போகவும் முடியாது, வரவும் முடியாது.

“அது எப்போக்கா?”

அக்கா வாய்க்குள் மாதத்தை எண்ணினார். “கார்த்திகை.”

அது மாசி. கிறிஸ்துமஸ் போய், பொங்கலும் போயிருந்தது. துடக்கு கழிந்து எத்தனையோ வாரம். திரும்பச் சேர்க்க வேண்டும் என்று அக்கா மனதில்தான் வைத்திருந்தார். அடுத்த மாதப் பட்டியலை இந்த மாதத்தைப் பார்த்து அடித்தபோது, இல்லாத பெயர் இல்லாமலே போய்விட்டது.

“நான் அவர் மகளோடை போயிட்டார் எண்டெல்லோ நினைச்சன்” என்றார் அண்ணை. அவர் குரலில் இப்போது கேலி இல்லை. “அந்த றோட்டாலை ஒவ்வொரு கிழமையும் போறன்.”

அக்கா போன் செய்ய எழுந்தார். நம்பர் இல்லை. அழித்த வரியோடு முகவரி, போன் எல்லாம் போய்விட்டிருந்தன. அவரைப் பற்றி எங்களிடம் மிஞ்சியிருந்தது அந்த ஃபில்டரில் நின்ற பெயர் ஒன்றுதான். கோயிலில் இரண்டு மூன்று பேரைக் கேட்டோம். யாரும் அவரைச் சமீபத்தில் பார்க்கவில்லை. வயது எண்பதுக்கு மேல், தனி ஆள், மாடி வீடு, நெஞ்சு வலிக்கு மாத்திரை போடுகிறவர் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் ஒருத்தரும் கதவைத் தட்டாத வீடு.

“வீடு எனக்குத் தெரியும்” என்றார் அண்ணை. “ஏறுங்கோ.”

அக்கா சனிக்கிழமைகளில் சமையலறையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து வேனில் ஏறினார். மற்ற வீடுகளுக்குப் பிறகு போகலாம் என்று நேராக மனோர் பார்க்குக்கு விட்டார் அண்ணை. மடியில் ஒரு கேரியர் சுடச்சுட இருந்தது. நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியில் அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“தமையன் செத்த மனுசனுக்கு, என்ன ஏது எண்டு போய் முகம் காட்டேல்லை. போனிலை ‘ஓம் ஓம்’ எண்டு போட்டுச் சோத்துப் பானையைப் பார்க்கப் போயிட்டன்.”

வேன் நின்ற இடத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. நான் குடியிருந்த தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தினமும் ஸ்டேஷனுக்குப் போகிற வழி. வரிசை வீடுகளில் ஒன்று. கீழே வேறு குடும்பம், அவருக்குத் தனிக் கதவு, உள்ளே மாடிப்படி.

அண்ணை மணியை அடித்தார். சத்தம் இல்லை. மறுபடி அடித்தார். பிறகு தபால் போடும் துவாரத்தைத் தள்ளித் திறந்து, குனிந்து, “ஐயா, கதவைத் திறவுங்கோ” என்று கூப்பிட்டார்.

மேலே ஒரு கதவு திறக்கும் சத்தம். பிறகு படியில் காலடி. ஒன்று, ஒரு நிற்றல், இன்னொன்று. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது.

மெலிந்த, உயரமான மனிதர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். தலை வாரி, நெற்றியில் விபூதி. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அண்ணையின் முகத்தில் கண் நின்றது.

“என்ன தம்பி, இண்டைக்குக் கொஞ்சம் பிந்திப் போச்சு” என்றார்.

சொல்லிவிட்டுக் குனிந்து, கடைசிப் படியில் இருந்த ஒரு டிபன் கேரியரை எடுத்து நீட்டினார். கோயில் கேரியர். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். துடக்குச் செய்தி வருவதற்கு முந்திய சனிக்கிழமை போன கேரியர் அது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் அதைத் துடைத்துக் கீழே கொண்டுவந்து வைப்பாராம். வேன் வராவிட்டால் பின்னேரம் மேலே எடுத்துப் போவாராம். கோயில் சாமான் தன்னிடம் இருக்கிறது, எப்படியும் எடுக்க வருவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

“ஒரு சொல்லு ரெலிபோனிலை சொல்லியிருக்கலாமே ஐயா” என்றார் அக்கா.

“துடக்கு எண்டு விலத்தி நிக்கிறியள். முடிஞ்சுது, இனிச் சாப்பாடு தாங்கோ எண்டு நானாக் கேக்கிறதோ பிள்ளை? உங்களுக்குத் தெரியுந்தானே நாள் கணக்கு.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் மரியாதைக்காக விலகி நிற்கிறோம் என்று அவர் நினைத்தார். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அவரும் விலகி நின்றார். வந்து கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மேலே போனோம். சின்ன அறை, சுத்தமாக இருந்தது. பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை. ரொட்டி, சூப் டின், முட்டை என்று சமாளித்திருக்கிறார். ஆனால் அக்கா போய் எதிரில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, “அண்ணருக்கு என்ன நடந்தது ஐயா?” என்று கேட்டபோது அவர் முகம் மாறியது. இவ்வளவு நாளும் அந்தக் கேள்வியை அவரிடம் நேரில் வந்து யாரும் கேட்டிருக்கவில்லை. மகள் ஆஸ்திரேலியாவில், எல்லாம் போனில்தான்.

அவர் சொன்னார். போரால் ஊருக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம், போக வழியில்லை. அங்கே அண்ணனின் மகன் காரியம் செய்த அன்று, இவர் இங்கே தலைக்குக் குளித்து, தானே சமைத்து, காகத்துக்கு என்று பின்பக்கக் கூரையில் சோறும் வடையும் வைத்திருக்கிறார்.

“காகம் வரேல்லை” என்றார். “இஞ்சத்தை அணில் ஒண்டு வந்து இருந்து முழுக்கத் திண்டிட்டுது. வடையை ரெண்டு கையாலும் பிடிச்சுக் கொண்டு.”

நாங்கள் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் இருந்தோம்.

“எங்கடை அண்ணரும் அப்பிடித்தான் சாப்பிடுறவர்” என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு வெகுநேரம் அழுதார். அக்கா கையை விடவில்லை. அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கேரியரைப் பிரித்து, தட்டு தேடி, சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார். பருப்பைத் தொட்டுவிட்டு, “இது வேறை ஆளின்ரை கை” என்றார். உண்மைதான், பருப்பு வைக்கிற அம்மா அந்த மாதம் மாறியிருந்தார்.

மற்ற வீடுகளுக்கெல்லாம் அன்று சாப்பாடு தாமதமாகத்தான் போனது. காரணத்தைக் கேட்ட யாரும் கோபிக்கவில்லை. இரண்டு பேர் அவருடைய நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் துக்கம் விசாரிக்க அந்த மாடிப்படியில் ஏறியவர்களுக்கு உட்கார நாற்காலி போதவில்லை என்று அண்ணை வந்து சொன்னார்.

ஐயா வீட்டுக்குப் போன அன்று பின்னேரமே கோயிலுக்குத் திரும்பி, நான் லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் சேவையர் ஐயாவின் வரியைச் சேர்த்தேன்: பெயர், வீட்டு நம்பர், போன், உப்புக் குறைவு. கூடவே ஒரு புது நெடுவரிசை: ‘மறுபடி எப்போது தொடங்க வேண்டும்’. இனி யாரையும் துடக்கு என்று நிறுத்தினாலும் வரியை எடுக்க வேண்டாம், அதில் தேதியைப் போட்டால் போதும் என்று அக்காவிடம் காட்டினேன். அதன் பிறகு அந்த வேலையை முடித்தேன். வலது கிளிக், ஆப்ஷன்ஸ், டேட்டா, ஒன்றும் வேண்டாம், ஓகே. ரிஃப்ரெஷை நான் அழுத்தவில்லை. அக்கா அழுத்தினார். ஃபில்டரைத் திறந்தோம். கனடா போனவர் இல்லை, சொதிக்கு உப்புக் கேட்டவர் இல்லை, ஒரே வருடத்தில் போன இருவரும் இல்லை. சேவையர் ஐயா தன் இடத்தில் இருந்தார், முன்னால் ஒரு டிக்கோடு.

பிறகு நான் வேலை மாறி, வீடு மாறி, அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது. அந்தச் சின்ன வித்தை தெரிந்தவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. “இந்தப் பழைய பெயர்களையெல்லாம் தூக்கிவிடேன்” என்று யாராவது ஃபைலைக் கொண்டுவருவார்கள். தூக்கித்தான் விடுகிறேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெயர்களைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிக்காமல் இன்றுவரை என் கை ரிஃப்ரெஷுக்குப் போனதில்லை.